மூன்று கட்டை அக்கா

"சாமிக்குச் சுதி எதுக்கு, பக்தி இருந்தா போதும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வாரம்கூட எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலில் ஒரு பெரியவர் இதைச் சொல்லிவிட்டுத் தேங்காய்ச் சில்லைக் கடித்தபடி செருப்பைத் தேடிப் போனார். நான் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று ஒயரையே முறைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் ஓர் அக்காவைப் பதினொரு வருஷம் ஏமாற்றினார்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு, ஏமாற்றினோம். கடைசி மூன்று வருஷம் அது என் கையால்தான் நடந்தது.

அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி எங்கள் செலண்டார் பக்கம் வந்தவர். செங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இருட்டோடு எழுந்து சாலையோரம், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் கிலாங் பஸ்ஸுக்கு நிற்பார். புருஷன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனுஷன். நான் வயர்மேன். செலண்டாரில் சின்னதாக ஒரு கடை. கோயிலுக்கு விளக்கு, ஒலிபெருக்கி, மைக் எல்லாம் என் பொறுப்பு.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. எதைச் செய்தாலும் சரியாக வந்ததா என்று கேட்பார். எல்லாரும்தான் கேட்கிறோம். ஆனால் அக்கா நிஜமாகவே பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பார். தீபாவளிக்கு முறுக்கு டின்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலிலேயே நிற்பார். ஒன்றைக் கடித்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் முகம் வாடிவிடும். எல்லாரும் இதைத்தானே சொல்கிறார்கள், என்ன குறைகிறது என்று சொல்லுங்கள் என்பார். தாமானில் பாதிப் பேர் அவர் முறுக்கு டின்னைக் கண்டாலே குளியலறைக்குள் போய்விடுவார்கள். நான் ஒரு வருஷம் உப்பு ஒரு கல் தூக்கல் என்று சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதிலிருந்து முதல் டின் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

தொழிற்சாலையிலும் அதே கதைதான். தான் செய்த சாமானில் தானே குறை கண்டுபிடித்துத் தனியாக எடுத்து வைப்பாராம். அதைப் பார்ப்பதற்கென்று வேறு ஆள் இருக்கிறார்கள், ஆன்ட்டி உங்களுக்கு ஏன் இந்த வேலை லா என்று லைன் லீடர் பெண் தலையில் அடித்துக்கொள்வாளாம். அக்கா இதையெல்லாம் பெருமையாகச் சொல்ல மாட்டார், அந்தப் பெண்ணுக்கு ஏன் கோபம் வருகிறது என்று புரியாமல்தான் சொல்வார்.

இப்படிப்பட்ட மனுஷிக்குப் பாட்டு ஆசை. எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழு ஒன்று உண்டு. பெண்கள் பத்துப் பேர், ஆண்கள் நாலைந்து பேர். கோயில் தலைவரின் மனைவிதான் முன்பாட்டு. அந்தம்மாவுக்கு நல்ல குரல், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். உச்சிக்குப் போனாலும் பிசிறு தட்டாது. சுருதிப்பெட்டியை அந்தம்மாவின் குரல் உயரத்துக்கு, ஆறு கட்டையில், தலைவர் ஒருநாள் வைத்தார். யாரும் குமிழைத் திருப்பிக் கெடுத்துவிடக் கூடாது என்று அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டினார். டேப் என் கடையில் வாங்கியதுதான்.

அக்காவின் குரல் தடித்த குரல். மற்ற பெண்கள் ஏறுகிற இடத்தில் அவரால் ஏற முடியாது. எம்பிப் பிடிக்கப் பார்ப்பார், பாதியில் சறுக்கும், கீறும். உள்ளதைச் சொல்கிறேன், கேட்க முடியாது. பின்வரிசைப் பெண்கள் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு "லோரி ரிவர்ஸ் எடுக்குதுடி" என்பார்கள். பாட்டு முடிந்ததும் அக்கா ஒவ்வொருவரிடமாகப் போய், சுதி சேர்ந்ததா என்று கேட்பார். சிரித்த அதே வாய்கள் "நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லும்.

இவர்களுக்கு அது இரக்கமாம். என்ன இரக்கம் இது? ஒரு தடவை அக்கா தலைவரின் மனைவியிடமே நேராகப் போய், நான் எந்த இடத்தில் தவறுகிறேன் என்று காட்டிக்கொடுங்கள், வீட்டில் பழகிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அந்தம்மா அவர் தோளைத் தட்டி, சாமிக்குச் சுதி எதற்கு, பக்தி இருந்தால் போதும் என்று சொன்னார். அந்தம்மா மட்டும் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தொண்டைக்குச் சுக்குத் தண்ணீர் குடிப்பார். அவர் பாடினால் சாமிக்குச் சுதி வேண்டும், அக்கா பாடினால் வேண்டாம் போலிருக்கிறது.

அக்கா அதற்குச் சொன்ன பதிலை நான் ஒயர் மாட்டிக்கொண்டே கேட்டேன்.

"அரவேக்காட்டுச் சோத்த சாமிக்குப் படைப்பீங்களாம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தம்மா முகம் சிவந்து உள்ளே போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை தலைவர் என் மேசைப் பக்கம் வந்து குனிந்தார். அக்காவின் மைக்கைக் குறைத்துவிடு, அவருக்குத் தெரியாமல் செய் என்றார்.

செய்தேன். திருவிழாவுக்கு விளக்குப் போடுகிற வேலை கையைவிட்டுப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். வேறு எதைச் சொன்னாலும் அது புளுகு. அக்கா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவார். ஒலிபெருக்கியிலும் என் ஹெட்போனிலும் அவர் குரல் இருக்காது. முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வருவார். முறுக்கில் உண்மை சொன்ன ஒரே ஆள் என்பதால் என்மேல் அவருக்கு நம்பிக்கை. நானும் "நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிடுவேன். ஒரு சொல்கூடக் கேட்காமல் சொல்வேன். மூன்று வருஷம்.

ஒருநாள் மதியம் ரைஸ்குக்கரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். காலை ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தார். என் மனைவி கல்லாவில் இருந்தாள். நான் குக்கரைக் கவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா பேசிக்கொண்டே இருந்தார். தொழிற்சாலையில் அவர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மிஷின், நாள் பூராவும் ஒரே சத்தமாக உறுமிக்கொண்டிருக்குமாம். எல்லாரும் காதில் இயர்பிளக் வைத்திருப்பார்களாம். அதை வைத்துக்கொண்டு வாய்க்குள் முனகினால் தன் குரல் தனக்குள்ளேயே கேட்கும், பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. எட்டு மாதமாக அப்படித்தான் பழகிக்கொண்டிருக்கிறாராம்.

"மிஷினும் நானும் கிட்டக் கிட்டப் போனா, சத்தம் அலையுது தம்பி. ஊம், ஊம்னு துடிக்கும். இன்னும் கொஞ்சம் ஒட்டிப் போனேன்னா துடிப்பு மெதுவாயிடும். சரியா சேந்துட்டா துடிப்பே இருக்காது, அப்படியே நிக்கும். அதான் சுதியா?"

என் கையிலிருந்த திருப்புளி நின்றுவிட்டது. இரண்டு மோட்டார் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும்போது சத்தம் அப்படித்தான் ஏறி இறங்கி அலையும். எனக்கு அதைக் காது பழகிக் கண்டுபிடிக்க நாலு வருஷம் ஆனது. இந்த மனுஷி யாரும் சொல்லிக்கொடுக்காமல், வேலைக்கு நடுவில், முனகி முனகியே பிடித்திருக்கிறார். அந்தக் குழுவில் இருந்த எல்லாரையும்விடக் கூர்மையான காது அக்காவுக்கு. அவர் மைக்கைத்தான் நான் வாராவாரம் குறைத்துக்கொண்டிருந்தேன்.

குக்கரைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலைவர் சொன்னது, நான் குறைத்தது, கேட்காமலே பாராட்டியது. என் மனைவி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அக்கா தன் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினார். பிறகு ஸ்கூலில் படித்தபோது நடந்ததைச் சொன்னார். ஆண்டு விழாவுக்குப் பாட வரிசையில் நிற்க வைத்துவிட்டு, நீ மட்டும் வாயை அசை, சத்தம் வரக் கூடாது என்றாராம் டீச்சர். அம்மா அப்பா தோட்டத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, மகள் பாடியதாக நினைத்துக் கைதட்டிவிட்டுப் போனார்களாம்.

"அந்த டீச்சராவது மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க தம்பி" என்றார். "நீங்க கொறைக்கிறதுன்னா கொறைங்க. கேட்டா மட்டும் பொய் சொல்லாதீங்க. சாவறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் சரியா பாடிடணும்னு இருக்கேன். சரியா பாடினேனான்னு எனக்குத் தெரியணும். வேற எதுவும் வேணாம்."

சரிக்கா என்றேன்.

அந்த மாதமே கோயில் சுருதிப்பெட்டி கம்பி விட்டுப்போய் என் கடைக்கு வந்தது. பழுதைச் சரிசெய்துவிட்டு, டேப்பைப் பிய்த்தேன். அக்காவை உட்காரவைத்துக் குமிழை ஒவ்வொரு கட்டையாக இறக்கிக்கொண்டே வந்தேன். ஐந்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். நாலில் முகம் சுளித்தார். மூன்றில் கண்ணை மூடினார். ஒரு பதிகத்தை முழுசாக மூன்று கட்டையில் பாடினார். கீறல் இல்லை, எம்பல் இல்லை. மேலே ஏறுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குமிழைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? பத்து விநாடி. பதினொரு வருஷத்தில் ஒருவருக்கும் அந்தப் பத்து விநாடி கிடைக்கவில்லை. தலைவரின் மனைவிக்கு ஆறு கட்டை என்றால் ஊருக்கே ஆறு கட்டை. எட்டாதவர்களுக்குப் பாட வராது, அவர்களுக்குப் பக்தி போதும். இதை எழுதும்போதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

கோயில் பெட்டியை மறுபடி ஆறு கட்டையில் வைத்து டேப் ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்கென்று ஒரு பழைய சுருதிப்பெட்டி வாங்கி வைத்தேன். அதன்பிறகு ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு மதியம், அக்கா கடைக்கு வந்து பழகினார். எனக்குப் பாட்டு தெரியாது. ஒட்டுகிறது, ஒட்டவில்லை, இந்த இரண்டையும்தான் சொல்வேன். ஒட்டவில்லை என்று சொன்னால் அக்கா உற்சாகமாகிவிடுவார், எங்கே என்று கேட்டு அந்த வரியை முப்பது தடவை பாடுவார். வாடிக்கையாளர்கள் வந்தால் நிறுத்தமாட்டார். ஒரு சீனக் கிழவர் பல்பு வாங்க வந்து, காசு கொடுத்தபிறகும் பாட்டு முடியும்வரை நின்றுவிட்டுப் போனார்.

எங்கள் கோயில் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாள் உபயமும் ஒரு குடும்பத்துக்கு. ஐந்தாம் நாள் அக்காவின் புருஷன் குடும்பத்துக்கு, கோயில் தாமானுக்கு மாறாமல் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே. பூசைக்கு முன்னால் உபயக்காரர் வீட்டில் ஒருவர் சாமியைப் பார்த்து ஒரு பதிகம் பாட வேண்டும். எல்லா வீட்டிலும் அதைக் குழுவிடம் தள்ளிவிடுவார்கள். அந்த வருஷம் அக்கா, நானே பாடுகிறேன் என்று பெயர் கொடுத்தார். உபயக்காரரை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

அன்றைக்குப் பார்த்து ஒரு ஒய்பி, எங்கள் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர், வருவதாக இருந்தது. மாலை விளக்குப் போடும் நேரம் தலைவர் என்னிடம் வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். அக்கா பாடப்போகிற அதே பதிகம், தலைவரின் தம்பி மகன் நெட்டில் எங்கேயோ இறக்கிக்கொடுத்தது.

"அந்தக்கா உட்கார்ந்ததும் இத போட்டு விட்ருப்பா. மைக்க முழுசா அணைச்சிரு. ஒய்பி முன்னாடி மானம் போயிரக் கூடாது. அதுக்கும் மனசு நோவாது, தானே பாடினதா நெனச்சுக்கும்."

குழுப் பெண்களுக்கும் விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. சாடையாகச் சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு மட்டும் தெரியாது. அரக்குச் சேலை கட்டி, ஈரத் தலையில் பூ வைத்து, மூலஸ்தானத்தைப் பார்த்து, ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டேன். டேப்பைப் பிய்த்துச் சுருதிப்பெட்டியை மூன்று கட்டைக்கு இறக்கினேன். அக்காவின் மைக்கை, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, முழுசாக ஏற்றினேன். வேலை போனால் போகட்டும் என்று அப்போது தோன்றியது. பயமாகவும் இருந்தது.

அக்கா பாடினார். அந்தத் தடித்த குரல் கோயில் முழுக்கப் பரவியது. வெளியே பந்தலில் பீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்தார்கள். சுருதிப்பெட்டியின் சத்தம் எது, அக்காவின் சத்தம் எது என்று என் ஹெட்போனிலேயே பிரிக்க முடியவில்லை. நான் துடிப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின வரியில் ஓர் இடத்தில் லேசாக இருந்தது, அதையும் அவரே பிடித்துச் சரிசெய்துகொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூசைமணி அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தலைவர் நேராக என்னிடம் வந்தார். வாயெல்லாம் பல். தோளைத் தட்டினார். நல்ல வேளை பென்டிரைவ் போட்டாய், எவ்வளவு சுத்தம் பார்த்தாயா, ஒய்பியே யார் பாடியது என்று கேட்டார், என் வீட்டுக்காரிகூட அப்படியே உட்கார்ந்துவிட்டாள், பாட்டு என்றால் இதுதான் என்கிறாள் என்று அடுக்கிக்கொண்டே போனார். தலைவரே, அது அக்காதான், பென்டிரைவ் இதோ என் பையில் இருக்கிறது என்றேன். இந்த வயர்மேனுக்கு எப்போதும் கிண்டல் என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஒய்பிக்கு மாலை போடப் போய்விட்டார்.

உள்ளே பெண்கள் வரிசையாக அக்காவிடம் போய் "நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே சொல், அதே குரல். கண்ணில் அதே சிரிப்பு. எனக்கு மண்டைக்குள் ஏறிவிட்டது. மைக்கைக் கையில் எடுத்தேன், ஊருக்கே சொல்லிவிடுவது என்று. அதற்குள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார்.

"அவங்க எப்பவும் சொல்றதத்தான் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க தம்பி."

ஒட்டியது அக்கா, ஓர் இடத்தில் மட்டும் லேசாக அலைந்தது என்று சொல்லிவிட்டு, பென்டிரைவை மேசைமேல் வைத்து நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அழப்போகிறார் என்று நினைத்தேன். அக்கா அதைத் தொடாமல் பார்த்தார்.

"அப்ப எல்லாரும் இதுலேருந்து வருதுன்னுதான் நெனச்சாங்களா?"

ஆமாம் என்றேன்.

"தலைவர் வீட்டம்மாவுமா? அவங்களும் நல்லாருக்குன்னா சொன்னாங்க?"

பாட்டு என்றால் இதுதான் என்று சொன்னாராம் என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்ததைப் போல நான் வேறு யார் முகமும் பார்த்ததில்லை. சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் சிரித்தார். என் கையிலிருந்த மைக்கைக் கண்டதும் அதைத் தன் கையால் மூடினார்.

"சொல்லாதீங்க தம்பி. யார் பாடுறாங்கன்னு தெரியாம சொன்னாங்க பாருங்க, அதுதான் நெசம். நான்தான்னு தெரிஞ்சா அதையும் பொய்யாக்கிருவாங்க."

அவர் சொன்னதற்காக அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது, எனக்கு ஆறவே இல்லை. அவர் இப்போது ஜொகூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். இங்கே அந்த வருஷத்து ஐந்தாம் நாள் உபயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், பென்டிரைவ் போட்டுச் சமாளித்தோம் என்று இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தலைவர், அவர் மனைவி, இறக்கிக்கொடுத்த பையன், ஒருவர்கூட அதைப் போட்டுக் கேட்டதில்லை. திருவிழா முடிந்த வாரம் நான் போட்டுக் கேட்டேன். அதில் பாடுவது ஓர் ஆம்பளை.